கட்டி தட்டிய மணல்

கொழுந்தன் கொடுத்த சலவை வேலையை அண்ணிக்காரி வாய் பேசாமல் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்ட அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவும் எடுத்துவிட்டாள். இவனை ஒருநாள் இதே கடற்கரையில், நாலு பேர் முன்னால், தலை குனிய வைக்காமல் விடுவதில்லை. எப்படி என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவளே கொஞ்சம் பயந்திருப்பாள்.

கொழுந்தன் என்றால் புருஷனின் கூடப்பிறந்த தம்பி. கடலோர விடுதிக்கு மேலாளர். மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் ஒரு புன்னகை, யாரைக் கண்டாலும் முதல் வணக்கம். அண்ணிக்கு வேலை கொடுத்ததைப் பற்றி அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். "குடும்பம்னா விட்டுக் கொடுக்க முடியுமா? தப்புப் பண்ணினாலும் அண்ணி அண்ணிதானே." கேட்டவர்கள் எல்லாம் தங்கமான மனுஷன் என்றார்கள். தங்கம்தான், உரசிப் பார்க்காத வரைக்கும்.

விடுதியின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே சலவை அறை. காலையிலேயே விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். யாரோ குடித்துக் கொட்டிய கறை, யாரோ பூசிய எண்ணெய், எல்லார் காலிலிருந்தும் வந்த மணல். இயந்திரம் சுற்றும்போது தரை அதிரும். நீராவி படிந்த சன்னலைத் துடைத்தால் கடற்கரை தெரியும். அவள் துடைக்க மாட்டாள். துடைத்தால் ஆமைப் பாதுகாப்பு நிலையத்தின் வேலி தெரியும், வயிறு எரியும்.

அந்த வேலிக்குள்தான் அவளுக்கு மரியாதை இருந்தது. கடலாமை கரையேறி முட்டையிட்டுப் போனதும், அலை அடித்துப் போகக்கூடிய இடமாக இருந்தால், முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் வேறு குழியில் பத்திரமாக வைப்பதுதான் அவள் வேலை. கேட்க எளிது. ஆனால் போட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு முட்டையின் மேல்பக்க ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு முட்டைக்கும் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி வானத்தைப் பார்த்தபடியே வாளிக்குள் போகும், வானத்தைப் பார்த்தபடியே குழிக்குள் போகும். இந்தப் பழக்கம் முற்றிப்போய், கடையில் வாங்கிய கோழி முட்டையைக் கூடத் திருப்பி வைக்க மாட்டாள். "அது குஞ்சு பொரிக்கப் போறதில்லடி, குழம்புக்குப் போறது" என்று புருஷன் சிரிப்பான்.

இதையெல்லாம் கற்றுக் கொடுத்தது நிலையத்தின் ஆராய்ச்சி மேடம்தான். மணலைப் பார்க்கவும் மேடம்தான் சொல்லிக்கொடுத்தாள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலை விரித்தால் உதிர வேண்டும். முட்டைக்குள் இருக்கிறதும் மூச்சு விடுகிற உயிர். மணல் வழியாகத்தான் அதற்குக் காற்று. தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டும், காய்ந்து இறுகினால் பிறந்த குஞ்சு மேலே ஏற முடியாது, கறுத்த மணலாக இருந்தால் வெயிலில் உள்ளேயே வெந்துபோகும். தாய் வந்து குழி பறித்து, மூடி, போய்விடுகிறாள். மீதிப் பிள்ளை வளர்ப்பு முழுவதும் மணலின் பொறுப்பு.

அப்படிப்பட்ட மணலில்தான் கொழுந்தன் கை வைத்தான். விடுதியின் முன்னால் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. நாற்காலி போட இடமில்லை என்று விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். துறைமுக வாயிலில் அள்ளிக் குவித்த சேற்று மணலை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டலாம் என்று முதலாளிக்கு யோசனை சொன்னவன் அவன்தான். கரை அகலமாயிற்று, அவனுக்கு மேலாளர் நாற்காலி கிடைத்தது. அந்த மணலோ கறுப்பு, மாவு போல நைசு. நனைந்தால் களி, காய்ந்தால் சிமெண்டு.

அதோடு விட்டானா? மேடம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த சமயத்தில், தாராள மனசு பொங்கி வழிய, நிலையத்து வேலிக்குள்ளும் அதே மணலைக் கொட்ட ஆளனுப்பினான்.

"தம்பி, இது ஆகாது. கட்டி தட்டும்" என்று அவள் குறுக்கே நின்றாள்.

"மணல்ல என்ன அண்ணி நல்ல மணல், கெட்ட மணல்? ஓசில வருது, வாங்கிப் போடுங்க. உங்க நிலையத்துப் பெரியவர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு."

கொட்டினார்கள். மழை பெய்தது. அந்தப் பருவம் வேலிக்குள் வைத்த ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. மேடம் திரும்பி வந்து தோண்டிப் பார்த்தாள். தொடக்கத்திலேயே செத்த கரு. முட்டை புரண்டாலும் அப்படித்தான் சாகும், நீர் தேங்கி மூச்சு முட்டினாலும் அப்படித்தான் சாகும். இரண்டில் எது என்று மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது, கொழுந்தன் கூப்பிடாமலே சாட்சி சொல்ல வந்தான்.

"சொல்ல மனசு வரல மேடம். சொந்த அண்ணி. ஆனா உயிர் விஷயமாச்சே. போன்ல பேசிக்கிட்டே வாளியத் தூக்கிட்டு வந்தாங்க, கால் தடுக்கிடுச்சு, முட்டையெல்லாம் உருண்டுச்சு. வாரி அப்படியே உள்ள போட்டுட்டாங்க. என் கண்ணால பாத்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் வயலையே மறைத்தான். அவள் கத்தினாள், கதறினாள், மணலைக் கையில் அள்ளிக் காட்டினாள். கத்துகிறவள் பக்கம் நியாயம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. கொழுந்தன் கைகளைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றான். அமைதியாக நின்றவன் ஜெயித்தான். மேடம் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றாள்.

அதுகூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டான் பாருங்கள். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். "உண்மையச் சொல்லு. கை தவறிடுச்சா? என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊர் சொல்வது சும்மா இல்லை. அதற்குப் பிறகு அவனோடு பேசியதெல்லாம் சாப்பாடு, தண்ணீர், சாவி எங்கே என்பதோடு சரி.

தெருப் பிள்ளைகள் அவளுக்குக் கூமுட்டை அக்கா என்று பேர் வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள், கறுவிக்கொண்டே நடந்தாள்.

காலம் அவளுக்காகச் சுற்றி வந்தது. மறு வருஷம் முதலாளிக்கு ஆசை பெருகி, மிச்சக் கரையிலும் அதே மணலைக் கொட்ட ஆமை நிலையத்திடம் அனுமதி கேட்டார். மேடம் ஒரே பிடியாக நின்றாள். "ஏற்கெனவே கொட்டின இடத்துல ஒரு ஆமை தானா வந்து முட்டையிட்டு, அதுல குஞ்சு வெளிய வரட்டும். என் கண்ணால பாத்தாத்தான் சம்மதிப்பேன்." அன்றிலிருந்து கொழுந்தன் ஒரு ஆமைக்காக ஏங்கத் தொடங்கினான். கல்யாணமாகிப் பிள்ளைக்காகக் கூட அவன் அப்படி ஏங்கியதில்லை.

விடிந்தும் விடியாத ஒரு காலையில், விரிப்பு உலர்த்தும் கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தத் தடத்தை முதலில் பார்த்தது அண்ணிக்காரிதான். டிராக்டர் சக்கரம் போன மாதிரி அகலமான தடம், கடலிலிருந்து ஏறி வந்திருந்தது. தாய் ஆமை வழியில் இரண்டு இடத்தில் துடுப்புக்காலால் பறித்துப் பார்த்திருக்கிறது. நிலம் கொடுக்கவில்லை, மேலே கீறல் மட்டும்தான். மூன்றாவதாக அது வந்து சேர்ந்த இடம் சலவை அறையின் ஒழுகுகிற குழாய்க்குப் பக்கத்தில். அங்கே மட்டும் மண் நனைந்து இளகியிருந்தது. பாவம், அதை நம்பிக் குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போயிருந்தது.

தடத்தின் ஓரம் இன்னும் ஈரமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. ஆமை போய் ஒரு மணி நேரம்கூட இருக்காது. அவள் கையில் வாளி இருந்தது. கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் பழைய நல்ல மணல் இருக்கிறது, பிடித்தால் நிற்கிற, விரித்தால் உதிர்கிற மணல். விரிப்புகள் வந்து விழுவதற்குள் எடுத்து, மாற்றி, மூடிவிட்டுக் கைகழுவிக்கொள்ளலாம். அவள் குனிந்தாள். முழங்காலும் தரையில் பட்டுவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. இந்த முட்டைகளை இங்கேயே விட்டால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மேடம் வருவாள், முதலாளி வருவார், ஊரே வரும். எல்லார் முன்னாலும் குழியைத் தோண்டுவார்கள். அவள் கத்த வேண்டாம், கதற வேண்டாம். மணலே சாட்சி சொல்லும்.

வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். இயந்திரத்தை ஓட்டினாள். வெயில் நன்றாக ஏறின பிறகு மேலே போய், "தம்பி, உங்களுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு" என்றாள்.

கொழுந்தன் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினான். மேடமும் வந்தாள். மண்டியிட்டு, ஒரு சிட்டிகை மணலை விரலில் தேய்த்துப் பார்த்தாள். "இந்த மணல் எனக்குப் பிடிக்கல. எப்ப போட்டுச்சு? சீக்கிரம்னா இப்பவே மாத்திடலாம்."

"தெரியல மேடம். நான் பாக்கும்போதே தடம் காஞ்சிருந்துச்சு" என்றாள் அண்ணிக்காரி.

மேடம் பெருமூச்சு விட்டாள். நேரம் தாண்டிய முட்டையை எடுப்பது எடுக்காமல் விடுவதைவிட மோசம். "அப்ப இருக்கட்டும். யாரும் தொடக்கூடாது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மேடத்தின் கண் தன்னையறியாமல் அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையை அவள் பத்திரமாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தாலும் ஒரு நன்மை உண்டு, இரக்கம் வற்றிவிடும்.

கொழுந்தன் குழியைச் சுற்றிக் கயிறு கட்டினான், பலகை நட்டான். காவலுக்கு அவளையே போட்டான். "கயித்துக்கு வெளியே நின்னு பாத்தாப் போதும் அண்ணி. உள்ள கை வைக்கக்கூடாது, என்ன?" விருந்தாளிகள் படம் எடுக்கிற இடத்தில் குழாய் ஒழுகுவது அசிங்கமாக இருக்கிறது என்று ஆள் வைத்து அதையும் அடைத்தான். ஈரம் நின்றது. அவள் பக்கத்தில் நின்று, பழுது பார்த்தவனுக்கு எந்தக் குழாய் என்று விரலால் காட்டியும் கொடுத்தாள். சொந்தச் செலவில் தூக்குக் கயிறு வாங்குகிறவனைத் தடுக்க அவள் யார்?

வாரங்கள் ஓடின. மண் மேலே வெளுத்து, வெடித்து, இறுகியது. ஒரு மழை பெய்து அதை மெழுகி, மறுபடி வெயில் சுட்டது. அவள் விரிப்புகளைத் தேய்த்து மடித்தாள். எத்தனை நாளாயிற்றோ, வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள். வீட்டில் புருஷன், "என்ன, இப்பல்லாம் சிரிச்ச முகமா இருக்கே" என்று ஆச்சரியப்பட்டான். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

பொரிக்கிற வாரம் வந்தது. கொழுந்தன் ஒரு மாலையைக் குறித்து ஊருக்கே அழைப்பு வைத்தான். நாற்காலி வரிசை, முதலாளிக்கு மட்டும் மெத்தை போட்டது.

அன்று விடியலில் அவள் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், மண்டியிட்டு, தரையில் காது வைத்தாள்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. பிற, பிற என்று மண்ணுக்கடியில் பிறாண்டுகிற சத்தம். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. செத்துத்தான் கிடக்கும் என்று நினைத்திருந்தாள். இந்த மண்ணிலும் அதுகள் பிழைத்து, ஓட்டை உடைத்து, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, மேலே மணலைச் சரித்துச் சரித்து, இறுகிய மண் மேலோட்டின் அடிவரைக்கும் வந்துவிட்டன. நல்ல மணலாக இருந்தால் இந்நேரம் மேலே குழிவு விழுந்திருக்கும். இங்கே மேலே சிமெண்டுத் தரை மாதிரி சும்மா கிடந்தது. நாலு விரல் கனம்கூட இருக்காது. ஒரு கம்பியால் நாலு இடத்தில் கீறி விட்டால் போதும், அதுகளே பார்த்துக்கொள்ளும்.

கீறி விட்டால் சாயங்காலம் குஞ்சுகள் வரிசையாகக் கடலுக்கு ஓடும். கொழுந்தன் கைதட்டு வாங்குவான். அவள் கூமுட்டை அக்காவாகவே சாவாள்.

"என்ன அண்ணி, சத்தம் கேக்குதா?" மேல் மாடத்தில் தேநீர்க் கோப்பையோடு கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். எத்தனை நேரமாக நிற்கிறானோ.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இன்னும் இல்ல தம்பி. அவசரப்படாதீங்க. சாயங்காலம் தானா வரும்."

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவளும் காட்டினாள்.

அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. சலவை அறையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கை தானாக நின்று நின்று போனது. கறுப்பு மண், உச்சி வெயில், கீழே அதுகள். ஒரு விரிப்பில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்துவிட்டது. வேலை செய்த இத்தனை நாளில் அவள் கருக்கிய முதல் துணி அது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே ஓடினாள். ஆமாம், ஓடினாள். பழிவாங்குகிறவளுக்கும் ஈரக்குலை என்று ஒன்று உண்டல்லவா?

தரை காதைச் சுட்டது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, எங்கோ ஒரே ஒரு பிறாண்டல். நின்றது. மறுபடி ஒன்று. அவள் விரல்களை மண்ணில் ஊன்றினாள். நகம் வளைந்தது. இன்னும் அழுத்தினாள்.

"ஐயோ அக்கா, தொட்டுறாதீங்க!"

ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, நாலைந்து விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு குழியைக் காட்ட வந்திருந்தாள். நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. "உங்க கைராசிதான் ஊருக்கே தெரியுமே. இதையாவது விட்டு வைங்க." விருந்தாளிகளிடம் திரும்பி, போன வருஷக் கதையைத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். தாழ்ந்த குரல் என்றாலும் அவளுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்ந்தது. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அண்ணிக்காரி கையை எடுத்துக்கொண்டாள். புடவையில் துடைத்தாள். "நீ சொல்றது சரிதான்மா, நான் தொடல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. மீதி விரிப்புகள் அத்தனையும் சுருக்கமில்லாமல் தேய்த்து முடித்தாள்.

மாலையில் கூட்டம் சேர்ந்தது. கடைசி வரிசையில், வேலை முடிந்து கருவிப் பையோடு வந்த புருஷனும் நின்றான். குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பித் தப்பான பக்கம் ஓடும் என்பதால், மேடம் விடுதி விளக்குகளை அணைக்கச் சொன்னாள். எல்லாரும் அந்தி வெளிச்சத்தில் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழி அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. முதலாளி கொட்டாவி விட்டார்.

"தோண்டிப் பாத்திடலாம்" என்றாள் மேடம்.

"நானே மேடம், நானே" என்று கொழுந்தன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். படம் எடுக்கிறவனுக்கு முகம் தெரியும்படி மண்டியிட்டு, விரலை மணலில் செருகினான். விரல் இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி குத்தினான். நகம் மடங்கி, "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தம்பி, கடப்பாரை கொண்டு வரவா?" என்று அண்ணிக்காரி கேட்டாள். குரலில் அவ்வளவு பணிவு.

மேடம் அவனை ஒதுக்கிவிட்டு, சின்னக் கொத்துக்கரண்டியால் ஓரத்திலிருந்து நெம்பினாள். மேலோடு ஒரு தட்டு மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் குஞ்சுகள். மூக்கை மேலே தூக்கி, துடுப்புகளை விரித்து, ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, மேலோட்டின் அடிப்பக்கத்தைப் பிறாண்டிய நிலையிலேயே செத்திருந்தன. விருந்தாளிக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அதன் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மேடம் அந்த மண் தட்டை எடுத்து நாற்காலிக் காலில் தட்டினாள். உடையவில்லை. ஓங்கித் தட்டினாள். இரண்டு துண்டாயிற்று. ஒரு துண்டை முதலாளியின் மடியில் வைத்தாள். "இது மணலா சார்?" பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "போன வருஷம் எங்க வேலிக்குள்ள கொட்டினதும் இதானே? இத மறைக்கத்தான் அவங்க முட்டைய உருட்டினாங்கன்னு சொன்னீங்களா?"

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, "நாளைக்குக் காலையில என்னை வந்து பாரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தார். ஓரகத்தியைத் தேடினால் ஆளையே காணோம்.

மேடம் எல்லார் முன்னாலும் கைகூப்பினாள். "உங்கள நான் நம்பியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

இனித்தது. பொய் எதற்கு, அண்ணிக்காரிக்கு அது அடிவயிறு வரைக்கும் இனித்தது. இந்த மண்ணை ஒருநாள் இவர்கள் எல்லாரும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றுதானே கிடந்து தவித்தாள். நிமிர்ந்து நின்றாள், கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தெருக்காரர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மேடம் மறுபடி குழிக்குள் குனிந்திருந்தாள். ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து, கழுத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். முகம் மாறியது. "உடம்பு இன்னும் விறைக்கல. கண்ணுல ஈரம் இருக்கு. இதெல்லாம் இன்னிக்குச் செத்தது. காலையில உயிரோட மேல வந்து முட்டியிருக்கு." நிமிர்ந்து அண்ணிக்காரியைப் பார்த்தாள். "நீங்க காவல் இருந்தீங்களே. காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

அண்ணிக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இல்ல மேடம்" என்றாள். "ஒண்ணும் கேக்கல."

"பொய்!" கொழுந்தன் பாய்ந்து எழுந்தான். "பொய் சொல்றாங்க! விடியக்காலையில தரையில காத வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் கிடந்தாங்க, நான் மாடியிலேர்ந்து பாத்தேன். எழுந்திருக்கும்போது மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். கேட்டிருக்கு மேடம், இவங்களுக்குக் கேட்டிருக்கு! நான் கேட்டப்ப இல்லன்னு சொன்னாங்க. சொல்லியிருந்தா நானே உடைச்சு விட்டிருப்பேன்!"

அவன் குரல் உடைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை, அதை அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் அறிவாள். மற்றவர்கள் அவனை அருவருப்போடு பார்த்தார்கள். இன்னும் அடங்கவில்லையா இவனுக்கு என்று ஒருவர் பல்லைக் கடித்தார்.

கடைசி வரிசையிலிருந்து புருஷன் வந்தான். கருவிப் பையைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்தான். அவ்வளவு சத்தமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. "வாய மூடுறா! போன வருஷம் உன் பேச்சக் கேட்டு இவளச் சந்தேகப்பட்டேன் பாரு, அதுக்கே என்னைச் செருப்பால அடிக்கணும்." மேடத்திடம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "இவ பொய் சொல்ல மாட்டா மேடம். எனக்குத் தெரியும்."

ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும், சோறு போடும்போதும், விளக்கை அணைக்கும்போதும், அவன் வாயிலிருந்து அவள் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை அதுதான். முழுசாக, நாலு பேர் முன்னால் கிடைத்துவிட்டது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் தெரியுங்க" என்றாள் மேடம்.

குழியின் அடியில், செத்தவற்றுக்குக் கீழே, இரண்டு மூன்று குஞ்சுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மேடம் அவற்றை அள்ளி எடுத்து அவளிடம் நீட்டினாள். "இந்தாங்க. நீங்களே கடல்ல விடுங்க. இந்தக் கரையில உங்களத் தவிர வேற யாருக்கும் அந்த உரிமை இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"என் கையில வேண்டாம் மேடம். நீங்களே விட்டுடுங்க."

மேடத்தின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "பாத்தியா, எவ்வளவு அடக்கமான பொம்பள!" என்று தன் மகளிடம் சொன்னாள்.